'ரு'வில் தொடங்கும் நாற்பது பாட்டு

சயோரிக்கு இனி 'ரு' என்றால் பயமில்லை. கரோக்கே அறையில் ஒருத்தி பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவள் பாட வேண்டும். தோற்றவள் வெளியே இருக்கும் மெஷினில் எல்லாருக்கும் மெலன் சோடா பிடித்து வர வேண்டும். ஜப்பானிய மொழியில் 'ரு'வில் தொடங்கும் தலைப்புகள் குறைவு. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரியான கிரிகோ, சனிக்கிழமை தவறாமல் 'ரு'வில் முடிகிற பாட்டாகப் பார்த்துப் பாடி அவளை மாட்டிவிடுவாள். அதனால் இந்த வாரம் சயோரி நாற்பது தலைப்புகளை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

"உனக்கு 'ரு'தாண்டி. கிளாஸை எடுத்துட்டுக் கிளம்பு" என்றாள், அப்போதுதான் பாடி முடித்த கிரிகோ.

சயோரி அலட்டிக்கொள்ளாமல் ஒரு தலைப்பைத் தட்டினாள். இசை தொடங்கியதும்தான் உறைத்தது. தலைப்புகளைப் படித்தாளே தவிர, ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை.

அதற்காக மைக்கைக் கீழே வைக்கிற ஆளா அவள்? தினமும் காலையில் ஆபீஸில் எல்லாரும் எழுந்து நின்று பாடும் கம்பெனிப் பாட்டின் மெட்டில், திரையில் ஓடிய காதல் வரிகளை முழங்கித் தள்ளினாள். சோபாவில் இருந்த மற்ற மூன்று ஆபீஸ் சகாக்களும் பழக்கதோஷத்தில் விறைப்பாக எழுந்து நின்றார்கள். கிரிகோவும்தான்.

"என்ன மெட்டுடி இது?" என்றாள் கிரிகோ.

"வரியை விடாம பாடணும், அதுதான் ரூல். மெட்டைப் பத்தி யாரும் பேசல. இந்தத் தலைப்பும் 'ரு'லதான் முடியுது. பாடு பார்ப்போம்."

கிரிகோ 'ரு... ரு...' என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்; ஒரு தலைப்பும் சிக்கவில்லை.

"எழுந்துதானே நிக்கிற. அப்படியே போய் சோடா பிடிச்சிட்டு வா."