ஆண்டாளம்மாள் வீட்டு வாய்மருந்து

இட ஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டிச் சாலையில் போட்டதில், கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸே இல்லாமல் போன வாரம்தான் நைனார்பாளையத்துக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் எந்த வீட்டுக்கு வந்தது என்று இருசம்மாளுக்கு நன்றாகவே தெரியும். பெரிய பண்ணைக்காரி ஆண்டாளம்மாள் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவள் அவள். எலவனாசூர்கோட்டையிலிருந்து அம்மாவோடு வந்து, திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட பண்ணைக்காரியின் பேரன் இளமாறனுக்குக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். ஆண்டாளம்மாளோ பையன் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுப் படுக்கவைத்து, "பல்லுச் சூடு" என்று சொல்லிவிட்டாள். பண்ணை வீட்டுக்கு வந்தால் நோய்க்குக்கூட மரியாதையான பெயர்தான்!

கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். "இது எச்சில்லதாம்மா பரவும். பையன் இதால வாய் கொப்பளிக்கட்டும். அவன் டம்ளர வேற யாரும் தொடாதீங்க" என்றார்.

எச்சில் என்ற சொல் மட்டும்தான் ஆண்டாளம்மாள் காதில் ஏறியது. எச்சில் என்றால் ஊரார் வாய்தானே! களை எடுக்க வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, எட்ட நின்று, ஏந்திய கைகளில் மருந்தை ஊற்றினாள். "நல்லா கொப்புளிங்க. ஒங்க வாயில இன்னா இன்னா இருக்கோ!" வீக்கமே இல்லாத இருசம்மாளின் மகள் கண்ணகியும் வாய் எரியக் கொப்பளித்துத் துப்பினாள்.

சொந்த வீட்டிலோ ஒரே டம்ளர். பேரன் கொப்பளித்தது போக மீதியை அவன் அம்மா, அவள் வைத்ததை அவள் தம்பி, ஆண்டாளம்மாளின் மகன் சிவசங்கர். "நம்ம வாய்க்கு நமக்கு இன்னா எச்சில்?" என்பாள் ஆண்டாளம்மாள். சாணிக் கூடையோடு நின்ற இருசம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

சாலை திறந்ததும் சிவசங்கருக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண்ணின் தம்பி நாளெல்லாம் இளமாறனோடு விளையாடினான். கொஞ்ச நாளில் அந்தப் பையனுக்கும் வீங்கியது, மாப்பிள்ளைக்கும் வீங்கியது. நோயை மறைத்துவிட்டார்களா என்று கேட்கப் பெண்ணின் அப்பா அரங்கநாதன் புறப்பட்டு வருவதாகச் சேதி வந்தது. கல்யாணமே ஆட்டம் கண்டது.

ஆண்டாளம்மாள் இருசம்மாளைக் கூப்பிட்டாள். "ஒம் பொண்ணுக்குத்தான் மொதல்ல வந்துச்சு, அவதான் எங்க வூட்டுக்கு ஒட்ட வச்சான்னு சொல்லு. இல்ல, அறுப்புக்கு இந்தப் பக்கமே தல காட்டாத."

அறுப்பு போனால் அடுப்பு எரியாது. அதற்காகப் பெற்ற பெண்ணை நோய்க்காரி என்று நாலு பேர் முன்னால் சொல்வதா? தூ!

அரங்கநாதன் வந்து உட்கார்ந்தார். ஆண்டாளம்மாள் கண் ஜாடை காட்டினாள். இருசம்மாள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமாங்க சாமி, எம் பொண்ணுக்குத்தான் மொதல்ல வந்துச்சு."

"அது எப்டி மாப்பிள்ளைக்கு ஒட்டுச்சு?"

"எச்சில்லதாங்க ஒட்டுமாம், கம்பவுண்டரே சொன்னாரு. சின்னவரு எங்க வூட்டுக்கு வந்து போய்க்கினுதாங்க இருந்தாரு. கண்ணகி குடிச்ச சொம்புலியே தண்ணி குடிப்பாரு, அவ தட்டுலியே கூழு குடிப்பாரு. வேணாம் சின்னவரேன்னா கேக்கமாட்டாருங்க."

ஆண்டாளம்மாளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அடிப் பாவி! எம் புள்ள ஒங்க சொம்ப வாயில வைப்பானா? எங்க இளமாறனுக்கு வந்துச்சுடி! அவன் டம்ளர்ல குடிச்சுதான் இவனுக்கு வந்துச்சு!"

"அப்ப நிச்சயத்தன்னிக்கே ஒங்களுக்குத் தெரியும்" என்றார் அரங்கநாதன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அறுப்பு வேலை போய்விட்டது என்று இருசம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.