கடிகாரத்துப் பேட்டரி

அப்பா டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கடித்துக்கொண்டிருந்தார். நசுங்கினால் இன்னும் கொஞ்சம் சார்ஜ் வரும் என்பது அவர் நம்பிக்கை. ராத்திரி முழுக்கக் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி அள்ளிவிட்டுத் தூங்கிய என்னை இதற்காக எழுப்பியிருந்தார். தலைநகரில் இன்று, குதிரைமேல் இருந்தபடி ஆட்டுடலைப் பறித்து எதிரணிக் குழியில் போடும் கோக்-போரு ஆட்டத்தின் இறுதிப் போட்டி. எங்கள் நாரின் அணிக்காக அண்ணன் உர்மத் முதல்முறையாகக் குதிரையேறுகிறான். கணவாயில் பனி, போக முடியாது. போனில் பார்க்க சிக்னல் இல்லை. டிவியிலோ ஒருத்தி ரஷ்ய மொழியில் கேக் செய்துகொண்டிருந்தாள். டிவியின் பொத்தான்களைப் போன வருடமே அப்பா குத்திக் குத்தி உள்ளே தள்ளிவிட்டார்.

“மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சியேடா, இதுகூடவா வரல?”

“ரிமோட்டு நாலாவது வருஷத்துல வரும்போல. அதுக்குள்ள நான் வந்துட்டேன்.”

வாங்கிய அன்றே அம்மா ரிமோட்டைப் பாலிதீனில் சுற்றி, மேலே கம்பளி உறை தைத்துவிட்டாள். எங்கள் ஊரில் புதுப் பொருளின் பாலிதீனைப் பிரிப்பவன் ஊதாரி. அதனால் யாரும் திறந்து பார்க்கவில்லை. இன்று அப்பா கத்தியால் கிழித்திருந்தார். அம்மா அவரோடு பேசவில்லை. உள்ளே ஒரு பேட்டரி ஒழுகி, கம்பிச்சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்தேன், ஊசியால் சுரண்டினேன். இனி ஒரு பேட்டரி வேண்டும். கடைக்காரன் கணவாய் மூடுமுன்பே போட்டி பார்க்க பஸ் ஏறிவிட்டான்.

அப்பாவும் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.

“அதுல கை வெச்சா கைய ஒடிச்சிருவேன். நாலு மணிக்குப் பால் கறக்கணும்,” என்றாள் அம்மா.

“போன்ல மணி பாரும்மா.”

“போனுக்கு என்ன தெரியும் என் மாட்டப் பத்தி?”

அப்போது பக்கத்து வீட்டில், “உர்மத்! உர்மத்!” என்று கூச்சல் கிளம்பியது. சுவரே அதிர்ந்தது. அடுத்து நான் பார்த்தபோது அம்மா முக்காலிமேல் நின்று கடிகாரத்தின் முதுகைத் திறந்துகொண்டிருந்தாள்.

கடிகாரத்துப் பேட்டரியையும் கடிபட்டதையும் சேர்த்து ரிமோட்டில் போட்டேன். சேர்க்கக் கூடாதுதான். கேக் மறைந்தது. குதிரைக் குவியலிலிருந்து பிய்த்துக்கொண்டு, ஆட்டுடலைத் தொடைக்கடியில் இடுக்கியபடி உர்மத் வெளியே வந்தான்.

“முதுகக் கூனாதடா கழுத!” என்று அப்பா டிவியை அதட்டினார்.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம், ஆனால் உர்மத் இரண்டு முறை ஆட்டைக் குழியில் போட்டான். ஜன்னல் இருட்டிவிட்டது. தொழுவத்தில் மாடு கத்தியது. அம்மா ரிமோட்டை மடியில் வைத்து உறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, மாடு கத்துது,” என்றார் அப்பா.

அம்மா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மூணுதானே ஆவுது,” என்று பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “உர்மத்த இன்னொருவாட்டி காட்டுவாங்களான்னு பாரு.”