வானம்பார்த்தான் மீன்களுக்குக் கொடுத்த பயிற்சி

பொன்மீன் சங்கத்தின் புதிய காட்சிக்கூடத்துக்குத் தான் காட்சிக்குக் கொடுத்திருந்த வானம்பார்த்தான் மீன் ஜோடியைப் பார்க்கப் போன வெங் சூய்லியன், அங்கே கண்ணாடித் தொட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருப்பதைக் கண்டாள். துணியின் முன்பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். அதற்கு நேர் எதிரே ஒரு விளக்கு.

“என் மீனுங்க வீட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றாள்.

சங்கத் தலைவர் பான் ஸோங்தே மல்லிகைத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஃபூஜோ நகரத்தின் சதுரங்கச் சங்கத்துக்கும் எழுத்துக்கலைச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் காய் நகர்த்தியதையோ தூரிகை பிடித்ததையோ பார்த்தவர் இல்லை.

“வாங்க வெங் அக்கா. பயிற்சி நடக்குது.”

“யாருக்கு?”

“மீனுக்குத்தான். சனிக்கிழமை திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. அவரு முன்னாடி நிக்கும்போது இதுங்க கூரையைப் பாத்துக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

வானம்பார்த்தான் மீனுக்கு இரண்டு கண்களும் உச்சந்தலையில், மேல்நோக்கித்தான் இருக்கும். அகன்ற மண்தொட்டியில் விட்டு மேலிருந்து பார்க்க வேண்டிய மீன் அது. கண்ணாடி வழியே பார்த்தால் தாடைதான் தெரியும்.

“அரண்மனையில வாய் குறுகின ஜாடியில வளத்தாங்க, மேலேருந்து மட்டும் வெளிச்சம் விழுந்துச்சு, சக்கரவர்த்தியப் பாத்துப் பாத்துக் கண்ணு மேல போயிருச்சு. நீங்கதானே அக்கா சொன்னீங்க? இப்ப வெளிச்சம் முன்னாடி வருது. கண்ணும் முன்னாடி வரும். விஞ்ஞானம்.”

சூய்லியனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. சுற்றுலாப் பயணிகளிடம் மீன் விற்க ஊரே சொல்கிற கதை அது. அதை நம்பி ஒருவர் துணி வாங்குவார் என்று யார் கண்டது?

“அது வித்துல வர்ற கண்ணு, தலைவரே. தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்தது. விளக்கு வெச்சா உங்க மூக்கு திரும்புமா?”

அவர் பதில் சொல்வதற்குள் துணியை விலக்கினாள். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அடியில் தீனி அழுகிக்கொண்டிருந்தது. கீழே கிடப்பது அந்தக் கண்களுக்கு எப்படித் தெரியும்? நடுவில் முனை முனையாக ஒரு செயற்கைப் பாறை, அதன் மேல் கோபுரம். முட்டை சுமந்து வயிறு பருத்திருந்த பெண்மீனின் விலாவில் செதில் உரிந்திருந்தது. சூய்லியன் இந்த வசந்தத்துக்கு நம்பியிருந்த ஒரே தாய்மீன் அது.

“நான் கொண்டு போறேன்.”

“அழைப்பிதழ்ல படம் போட்டாச்சு அக்கா. இப்பக் கொண்டு போனா வசந்தச் சந்தையில உங்களுக்கு இடம் கிடையாது.”

வசந்தச் சந்தையை விட்டால் அவளுக்கு வேறு வியாபாரம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை மாற்றினாள். பாறையைத் தூக்கி வெளியே வைத்தாள். தீனிக்கு உயிருள்ள நீர்த்தெள்ளுப் பூச்சிகளை மீன்களின் மூக்கருகே விட்டாள். அவள் படி இறங்குவதற்குள் துணி மறுபடி மூடிக்கொண்டது.

சனிக்கிழமை பான் தலைவர் துணியை இழுத்தார். கைதட்டல் பாதியில் நின்றது. இரண்டு மீன்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதிகாரி குனிந்தார். “கண்ணு எங்க?”

ஒரு முக்காலி ஓடி வந்தது. அதிகாரி ஏறி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட, என்னையே பாக்குதுங்க.”

“அதுக்குத்தான் ஐயா பயிற்சி கொடுத்தோம்,” என்றார் பான் தலைவர், கண் இமைக்காமல்.

கூடம் அதிரக் கைதட்டியது. கையில் எனாமல் பேசினோடு கடைசி வரிசையில் நின்ற சூய்லியனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. முன்னால் போனாள்.

“ஐயா, செத்த இறங்குங்க.”

அவள் கேட்ட தோரணையில் அதிகாரி இறங்கிவிட்டார். அவள் ஏறினாள்.

“இப்ப என்னையப் பாக்குதுங்க. தலைவர் எனக்கும் சேத்துத்தான் பயிற்சி கொடுத்திருக்காரு. நீங்களும் ஏறுங்க தலைவரே. கூரையில பல்லி இருந்தா அதையும் இப்படித்தான் பாக்கும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் வலை போடவில்லை. அந்தக் கண்களில் வலை உரசக்கூடாது. இரு கைகளாலும் மீன்களை ஒவ்வொன்றாக ஏந்திப் பேசினில் விட்டு, முன்வாசல் வழியாகவே நடந்தாள். அவள் பின்னால் கேமராக்களும் போயின.

மாலையில் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. சந்தையில் இடம் இல்லையாம்.

“வீட்டு வாசல்ல வெச்சு விக்கலாம் விடு,” என்றார் கணவர் தாவ்மிங். “ஆனா அந்த அரண்மனைக் கதைய மட்டும் இனிமே சொல்லாதே.”

மறுநாள் காலை மண்தொட்டிப் பாசியில் முட்டைகள் ஒட்டியிருந்தன. தாய்மீன் மேலே கொடியில் காய்ந்த தாவ்மிங்கின் பனியனை, சக்கரவர்த்தியைப் பார்க்கிற அதே பணிவோடு பார்த்துக்கொண்டிருந்தது.