ஒரு கேன் குளிர்

மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் நான். சாணி மேலே தெறிக்கும், சில நாள் முகத்திலேயே தெறிக்கும். துடைத்துவிட்டு அடுத்த கொட்டகைக்கு வண்டியை எடுப்பேன். அருவருப்பு என்பது என்னிடம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது. அப்படிப்பட்ட எனக்கே குடலைப் புரட்டியது ஒன்று உண்டென்றால், அது நான் கட்டிக்கொண்டவரின் பொழுதுபோக்கு.

என் வேலை சினை ஊசி போடுவது. பசு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் எனக்கு போன் வரும். வீட்டில் முன்னறை மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு கேன் இருக்கிறது. அதற்குள் திரவ நைட்ரஜன். பனிக்கட்டியெல்லாம் அதன் முன்னால் வெந்நீர். நீளக் கைப்பிடி வைத்த குவளைகளில், பேனா ரீஃபில் போன்ற சின்னக் குச்சிகளில், காளையின் உறைவிந்து அந்தக் குளிருக்குள் கிடக்கும். கிடக்கும்வரை உயிர் தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எழுப்பினால், கையோடு மாட்டுக்குள் செலுத்திவிட வேண்டும். எழுப்பியதை மறுபடி தூங்க வைக்க முடியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, ஒரு தடவை சொன்னால் யாருக்கும் புரியும். வீட்டுக்காரருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் டைல்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வேலை முடிந்து வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே கம்ப்யூட்டர், அதன் வயிற்றைத் திறந்து போட்டு வெளியே இழுத்து வைத்த, கேம் படங்களை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு. செய்தவன் அதற்கு ஒரு வேகம் வைத்துத்தான் அனுப்புகிறான். இவருக்கு அது போதாது. மின்சாரத்தைக் கூட்டி அதை விரட்டுவார். விரட்டினால் சூடாகும், சூடேறினால் நின்றுபோகும். ஆகவே குளிர வைக்க வேண்டும். முதலில் மின்விசிறி வைத்துப் பார்த்தார், பிறகு மீன்தொட்டி மோட்டாரில் தண்ணீர் ஓட்டினார், பிறகு என் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார். கார்டில் ஈரம் படக்கூடாதாம், அதற்காக பெட்ரோலியம் ஜெல்லியை பிரஷ்ஷால் அப்புவார். அந்த ஜெல்லி கதவுக் கைப்பிடியில் இருக்கும், டிவி ரிமோட்டில் இருக்கும், அதில் அவருடைய தலைமுடி ஒட்டியிருக்கும். சிப்புக்குத் தடவும் சாம்பல் நிறப் பசை தலையணை உறையில் சளியைத் துடைத்த மாதிரி இழுபட்டிருக்கும். துண்டுகளெல்லாம் கார்டிலிருந்து வடிந்த தண்ணீரைக் குடித்து மூலையில் நாறும். இத்தனையும் செய்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்து என்னைக் கேட்பார், "நீ கை கழுவினியா?"

சரி, இவ்வளவு பாடுபட்டு விளையாடுகிறாரா என்றால் அதுவும் கிடையாது. ஒரு சோதனைப் படம் ஓடும். ஓடி முடிந்ததும் ஒரு எண் வரும். அந்த எண்ணை ஒரு பட்டியலில் ஏற்றினால் உலகத்தில் எத்தனையாவது என்று காட்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த எண்ணை யாரும் சாப்பிட முடியாது, உடுத்த முடியாது, உட்காரக்கூட முடியாது.

பட்டியலில் மேலே இருப்பவர்களெல்லாம் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவர்களாம். தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் கேனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. "கொஞ்சூண்டு குடேன்" என்று ஒருமுறை கேட்டார். "அதுல கை வச்சீங்கன்னா பாருங்க" என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

அக்காவின் பிரசவத்துக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்த பிறகுதான் என் கைக்கு என்னவோ ஆயிற்று. ஊசி போட்ட மாடு எதுவும் சினை பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு தவறுவது சகஜம். ஆனால் வரிசையாக எல்லா மாடும் மூன்று வாரத்தில் மறுபடி கத்தியது. "உன் கை தேஞ்சு போச்சாம்மா?" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டார். தெர்மாமீட்டரை மாற்றினேன். தண்ணீர்ச் சூட்டை இரண்டு தடவை பார்த்தேன். அளவுகோலைக் கேனுக்குள் விட்டுப் பார்த்தேன், நைட்ரஜன் வேண்டிய அளவுக்கு இருந்தது. குச்சியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. என்னைத்தான் சந்தேகித்தேன்.

அந்த நாட்களில் எனக்கு அதிகம் பயம் கொடுத்தது ஒத்தைமாட்டம்மா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். புருஷன் போன பிறகு ஒரே ஒரு பசுவை வைத்துக் காலம் தள்ளுகிறவர். நல்ல பசு, சாதுவானது, மடியைத் தொட்டால் நின்று கொடுக்கும். பால் வற்றிவிட்டது. மறுபடி கன்று போட்டால்தான் பால். நான் இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது தடவை போடும்போது அவர் பசுவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"டாக்டரம்மா, இந்த வாட்டியும் இல்லைன்னா தரகர்கிட்ட சொல்லிடுவேன். சும்மா கட்டி வச்சுத் தீனி போட எனக்கு வக்கில்லை."

"நான் டாக்டர் இல்லைக்கா" என்றேன், எப்போதும் போல. "இந்தத் தடவை நிக்கும். அவசரப்படாதீங்க."

தரகர் என்றால் எந்தத் தரகர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மலட்டு மாட்டை வளர்க்க யாரும் வாங்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தன் பக்கத்துச் சொந்தங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். எதற்கென்று கேட்டதற்குச் சிரித்தார். சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். பாட்டெல்லாம் போட்டு வெட்டி ஒட்டித் தானே செய்த வீடியோ. மாமியார் முன்வரிசையில். "என் பையன் உலகத்துலயே மூணாவது" என்று அவர் அதற்குள் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

நான் டீத் தட்டோடு வந்தேன். திரையில் உள்ளறை. கார்டின் மேல் ஒரு செம்புக் குவளையை மாட்டியிருந்தார். அதில் நைட்ரஜனை ஊற்ற ஊற்ற வெண்புகை மேஜையிலிருந்து வழிந்தது. கையில் தடித்த கையுறை. "சைபருக்குக் கீழ நூத்தி எண்பது டிகிரி! இதுல பத்து டிகிரி ஏறினாக்கூட எல்லாம் போச்சு" என்று வீடியோவில் இருந்த வீட்டுக்காரர் கத்தினார். சொந்தங்கள் "ஆகா" என்றார்கள்.

எனக்கு அந்தப் புகைக்குப் பின்னால் இருந்ததுதான் தெரிந்தது. ஜன்னல் ஓரம், நல்ல வெயிலில், எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு டம்ளரிலும் என் குவளை ஒன்று, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குச்சிகளோடு. படத்தில் ஒரு வெட்டு, வெயில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. இன்னொரு வெட்டு, ஜன்னலில் வெயிலே இல்லை. குவளைகள் அங்கேயே நின்றன.

தட்டை டிவி மேஜையில் வைத்தேன்.

"அது என்னோட குவளைங்கதானே?"

வீட்டுக்காரர் வீடியோவை நிறுத்தவில்லை. "ஆமா. கேனைச் சாய்ச்சு ஊத்தணும்ல, உள்ள தடதடன்னு இடிச்சுது. அதான் எடுத்து வெளிய வச்சேன். கையாலயெல்லாம் தொடலைம்மா, டிஷ்யூ வச்சுத்தான் எடுத்தேன்."

"நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்பவா?"

"போட்டிக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள். ஞாயித்துக்கிழமை, கேஸ் கடை லீவு. மறுநாளே கடையில நிரப்பி, எல்லாத்தையும் இருந்த மாதிரியே உள்ள போட்டுட்டேன். ஒரு சொட்டுக்கூடக் குறைக்கலை. வேணும்னா அளந்து பாரு."

"நாள் பூரா வெயில்ல வச்சிருந்ததைத் திரும்ப உள்ள போட்டீங்களா?"

"திரும்பி உறைஞ்சிடுச்சுல்ல? முன்னாடியும் அதே டிகிரி, இப்பவும் அதே டிகிரி. நம்பர் ஒண்ணுதானேம்மா?"

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. ஒரு சிப்பு பத்து டிகிரியில் செத்துவிடும் என்று கத்துகிற வாய், உயிர் செத்துப்போகும் என்று ஒரு நொடி நினைக்கவில்லை. அவருக்கு உலகத்தில் சூடு என்று ஒரு எண் இருந்தது, குளிர் என்று ஒரு எண் இருந்தது, நடுவில் எதுவுமே இல்லை.

"செத்ததைத்தான் நான் ரெண்டு மாசமா மாட்டுக்குப் போட்டுட்டு இருக்கேன்" என்றேன்.

மாமியார் திரையைக் கூர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "அய்யே. அதுல ஒண்ணு நான் காப்பி குடிக்கிற டம்ளர்டா."

அவருக்குப் பட்டது அதுதான். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சித்தப்பா நெளிந்து, "விடும்மா, பையன் தெரியாமப் பண்ணிட்டான்" என்றார். வீடியோவில் எண் வந்து விழுந்து பட்டாசு வெடித்தது. வீட்டுக்காரரின் கண் ஒரு கணம் திரைக்குப் போய் வந்தது. நான் பார்த்தேன்.

கேனைத் திறந்து எல்லாக் குச்சிகளையும் அள்ளிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். பிறகு வண்டிச் சாவியை எடுத்தேன்.

"கிளம்புங்க."

"எங்க?"

"ஒத்தைமாட்டம்மா வீட்டுக்கு. மாட்டைக் குடுத்துடாதீங்கன்னு சொல்லணும். என்ன ஆச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்."

வாசல்வரை பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாரு. வெளிய தெரிஞ்சா உன் வேலைதான் போகும். கேன் உன் பொறுப்பு. கேன்ல லீக்குன்னு சொல்லிடு, யாருக்குத் தெரியப் போகுது? இல்லை, ஒண்ணுமே சொல்லாத. புதுக் குச்சி வந்ததும் எல்லாம் தானா சரியாகிடும்."

அவர் சொன்னது நடக்கக்கூடியது என்பதுதான் இன்னும் அசிங்கம். வேலை எனக்கு வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. மேலதிகாரி சிரிப்பார், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார். மாடுகள் பேசப் போவதில்லை.

"வண்டியில ஏறு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏறினார்.

ஒத்தைமாட்டம்மா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டி காலி. முளையில் கயிறு இல்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"வியாழக்கிழமை மறுபடி கத்துச்சு டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை ஏத்தி விட்டுட்டேன்" என்றார். "உங்களுக்குப் போன் போட்டுச் சங்கடப்படுத்துவானேன்னு விட்டுட்டேன்."

தரகர் எண்ணை வாங்கி அங்கேயே நின்று கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது அன்னிக்கே முடிஞ்சு போச்சேம்மா" என்றார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, கேன், குவளை, வெயில் என்று பாதிப் பாதியாகச் சொன்னார். விட்ட இடங்களை நான் நிரப்பினேன். மாட்டின் மேல் தப்பில்லை, அது ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் பருவத்துக்கு வந்தது, நாங்கள்தான் செத்ததைப் போட்டோம் என்று சொன்னேன். நல்ல குச்சியாக இருந்திருந்தால் நின்றிருக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதுதான் உண்மை. மேலதிகாரியிடமும் மற்ற மாட்டுக்காரர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடுவேன் என்றேன்.

அந்தம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அதுல ஜெயிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அன்னிக்கு மூணாவது இடம்க்கா."

"இப்ப?"

வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "இப்ப நிறையப் பேர் தாண்டிட்டாங்க. அம்பதுக்குள்ளயே இல்லை."

சொந்தங்களுக்குப் படம் காட்டியபோதே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லாரில ஏறவே மாட்டேன்னு நின்னுச்சு டாக்டரம்மா. அடிச்சதே இல்லை நான் அதை. அன்னிக்குத்தான், மலட்டு முண்டத்துக்கு வீம்பைப் பாருன்னு சொல்லி, எல்லார் முன்னாலயும் நானே கம்பெடுத்து அடிச்சு ஏத்தினேன்."