காசில் ஏறிய நீர்நாய்

நாணயச் சாலையில் அவளை எல்லோரும் ‘உளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில், கையில் இருந்த உளியைக் கீழே வைக்க மறந்து அப்படியே கேன்டீன் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். டீ சீக்கிரம் கிடைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

வடிவமைப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு நாணயம் பிறப்பதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டரில் அதைச் செதுக்க வேண்டும். பிறகு இயந்திரம் அதைச் சுருக்கி எஃகு அச்சில் இறக்கிவிடும். தட்டில் மூக்கு கொஞ்சம் பிசகினாலும் காசில் அது வேறொரு பிராணியாகிவிடும்.

அந்த வருடம் நாட்டின் சொந்த விலங்குகளைப் போட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு நாணய வரிசை வெளியிடுவது என்று முடிவானது. மூத்தவர் கொம்பு மானை எடுத்துக்கொண்டார். அடுத்தவருக்குக் கழுகு. காட்டுப்பூனைக்கும் ஆந்தைக்கும் ஆட்கள் போட்டியிட்டு வந்தார்கள். யாரும் சீண்டாமல் கிடந்த நீர்நாய் உளியின் தலையில் விழுந்தது.

“உனக்கென்னம்மா, கொம்பு கிடையாது, இறகு கிடையாது. ஈரமான உருளைக்கிழங்குக்கு வால் வச்சா வேலை முடிஞ்சுது” என்று மான்காரர் ஆறுதல் சொன்னார்.

முடியவில்லை. உளி செதுக்கிக் கொண்டுபோன முதல் தட்டைப் பிரிவுத் தலைவி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“வால் நல்லா வந்திருக்கு” என்றார்.

வாலிலிருந்து பாராட்டு தொடங்கினால் முகத்தின் கதி என்னவென்று அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

“முகத்துல ஆள் இல்லம்மா. மூக்கு இருக்கு, மீசை இருக்கு. உள்ள யாரையும் காணோம்.”

ஆளைத் தேடி உளி விலங்குக் காட்சிச் சாலைக்குப் போனாள். நீர்நாய் தொட்டியின் ஒரு கரையில் மூழ்கி மறு கரையில் எழுந்தது. அவள் மறு கரைக்கு ஓடினால் அது இந்தக் கரைக்கு வந்தது. காகிதத்தில் நனைந்த முதுகுகள்தான் சேர்ந்தன. பராமரிப்பாளர் பரிதாபப்பட்டு, “மீன் போடற நேரத்துக்கு வாங்க, அப்பதான் ஒரு இடத்துல உக்காரும்” என்றார். உட்காரத்தான் செய்தது. இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு, ஒரு கடி கடித்துவிட்டு, யாரோ பக்கத்தில் வருவதுபோல ஓரக்கண்ணால் பார்த்தது. உளியின் பென்சில் கழுத்து வரை வருவதற்குள் தண்ணீரில் பாய்ந்துவிட்டது.

மிச்சத்தைக் கை தானாகச் செய்தது. மேசைக்கு முன் உட்கார்ந்தவள், கன்னத்தைக் கொஞ்சம் உப்பலாக்கினாள், ஒரு புருவத்தை ஏற்றினாள், கண்ணை ஓரத்துக்குத் தள்ளினாள். எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பிரிவுத் தலைவி பார்த்தவுடன் கண்ணாடியைக் கழற்றினார்.

“வந்துட்டார்” என்றார்.

ஒப்புதல் ஆனது. அச்சும் வெட்டியாகிவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரும் மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். உளியின் மாமனார் கதிரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தார். பக்கத்திலிருந்த அவர் மகன், உளியின் கணவன், உப்புக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினான். மாமனார் கன்னம் உப்ப, ஒரு புருவம் ஏற, ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தார்.

உளி கடித்த கதிரை அப்படியே தட்டில் வைத்தாள்.

மாமனார் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் நின்றுகொண்டே, எவன் கை காலிப் பையைத் துழாவுகிறது என்று கண்டுபிடித்த பார்வை அது. பணி முடிந்தும் பார்வை ஓய்வு பெறவில்லை.

கணவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான்.

“சிரிக்காதீங்க. மாமாவுக்குத் தெரியாம பாத்துக்கணும்.”

“காசுல போட்டுட்டு எப்படித் தெரியாம பாத்துக்கறது? சுவத்துல வரைஞ்சிருந்தாலாவது சுண்ணாம்பு அடிச்சிருக்கலாம்.”

நாணயம் வெளியான அன்று ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று நீலப் பெட்டியில் கொடுத்தார்கள். உளி அதைக் கைப்பையின் அடியில், குடைக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்தாள். வாசலிலேயே மாமனார் நின்றிருந்தார்.

“வந்துடுச்சாமே உன் காசு. டிவியில சொன்னான். கொண்டாம்மா, பாப்போம்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார். கணவன் சட்டென்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்தான். மாமனார் காசைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

“யாரு மாமா?”

“எங்கண்ணன். அச்சு அசல் அவனேதான். அதே திருட்டு முழி.”

செய்தித்தாள் குலுங்கியது. மாமனாருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடம் ஆகிறது. உளியின் கல்யாணத்தில், பெண் வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, “இவன் பெரிய பரிசோதகர்னு நினைக்காதீங்க, சின்ன வயசுல டிக்கெட் எடுக்காம மாட்டிக்கிட்டு என்னை வந்து மீட்கச் சொன்னவன்” என்று அண்ணன் எடுத்துவிட்டார். சபை சிரித்தது. தம்பி அன்றைக்கு மூடிய வாயை அவரிடம் திறக்கவே இல்லை.

மறுநாளே மாமனார் விற்பனைக் கவுன்டரில் வரிசையில் நின்று இன்னொரு நீர்நாய் வாங்கி, ஒரு வார்த்தைகூட எழுதாமல், கூரியரில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டார்.

போன் உளிக்குத்தான் வந்தது.

“ஏம்மா, நான் பெரிய மாமா பேசறேன். காசு வந்துச்சு. வேலைப்பாடு அருமை. ஆனா ஒண்ணு கேக்கறேன், அரசாங்கத்துக்கு வேற ஆளே கிடைக்கலையா? இவனைப் போயா போடறது?”

“யாரை மாமா?”

“உன் மாமனாரைத்தாம்மா. கன்னத்தைப் பாரு, டிக்கெட் எங்கன்னு கேக்கற மாதிரியே இருக்கு.”

ஸ்பீக்கரில் இருந்தது போன். உளி அணைப்பதற்குள் மாமனார் பாய்ந்து வந்துவிட்டார்.

“காசுல இருக்கற அந்தத் திருட்டு முழி யாருக்குடா... உனக்கா எனக்கா?” என்றார், மரியாதையெல்லாம் பறந்துபோய்.

“அண்ணனைப் பாத்து டா போடறியா? வரேன் இரு. நேர்ல வச்சுப் பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி. காசை மேசை மேல் வைத்து, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நீதி சொல்ல உட்கார வைத்த கணவன், “ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கு” என்று சொல்லி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினான்.

“எதுக்கு இந்தச் சண்டை? அசலைப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. எங்களுக்கும் பொழுது போகும்” என்றார் பெரிய அத்தை.

போனார்கள். பேருந்தில் மாமனார் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து, அண்ணன் கையில் அவருடையதை அழுத்தமாகவே வைத்தார். அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மீன் போடும் நேரம். நீர்நாய் பாறையில் ஏறி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து, ஒரு கடி கடித்து, ஓரக்கண்ணால் பார்த்தது.

“பாத்தியா, நீதான்” என்றார் தம்பி.

“அது நீ” என்றார் அண்ணன்.

பராமரிப்பாளர் வாளியைக் கீழே வைத்தார். “அது பொண்ணுங்க. அதோ, புதர்கிட்ட குட்டி ரெண்டு இருக்கு பாருங்க. அதுங்க தின்னுச்சா இல்லையான்னுதான் அப்படிப் பாக்குது. அதுங்க தின்னாத்தான் இது மிச்சத்தைத் தின்னும்.”

நீர்நாய் இன்னொரு கடி கடித்தது, மறுபடியும் பார்த்தது.

“அம்மாடா” என்றார் பெரியவர் மெதுவாக.

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் அம்மாவை உளி பார்த்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தன் தட்டைப் பார்க்கவே மாட்டாள், இவன் தட்டில் என்ன, அவன் தட்டில் என்ன என்று ஓரக்கண் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பெரியவர் அவளிடம் சொன்னார்.

“நான் பாதியில எழுந்துடுவேன்னு என்னையேதான் பாப்பா” என்றார்.

“என்னையும்தான் பாத்தா” என்றார் மாமனார் விட்டுக்கொடுக்காமல். பிறகு உளியிடம் திரும்பி, “மீசை மட்டும் கிடையாதும்மா” என்று விளக்கம் கொடுத்தார். பெரியவர் சிரித்துவிட்டார். சிரிப்பு தம்பிக்கும் தொற்றி, இரண்டு கிழவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

தான் பார்த்தே இராத ஒரு முகம் தன் கை வழியாக எங்கிருந்தோ வந்து சேர்ந்திருப்பதை நினைத்து உளிக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. உருளைக்கிழங்கு என்று சொன்ன மான்காரரிடம் இதைச் சொல்லக் கூடாது, கழுகுக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நீர்நாய் தலையைக் குனிந்து தண்ணீருக்குள் நழுவியது.

“இந்தப் பக்கம்தான் வரும்” என்றார் அண்ணன்.

“உனக்கு என்ன தெரியும், அந்தப் பக்கம்” என்றார் தம்பி.

ஆளுக்கொரு பக்கம் விரலை நீட்டிக்கொண்டு தோளோடு தோள் இடித்து நின்றார்கள். அது இருவரும் காட்டாத நடுவில் எழுந்து, தலையைச் சிலுப்பியது.