சுந்தரபாண்டி பூட்டிய விலைப்பட்டியல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. விருதுநகரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த மாரிக்கண்ணன், கழற்றிய ஸ்குரூக்களை என் சாப்பாட்டுத் தட்டில் போட்டபடியே சொன்னது. அவர் சொன்னபோது அவர்தான் கதாநாயகன். பிறகு சிவகாசிக்குப் போய் விசாரித்தேன். வேலையைக் கெடுத்ததே அவர்தானாம்.

சிவகாசிக் கதை என்றதும் பத்திரிகை ஆசிரியர் ஆவலோடு கேட்டார்: "எப்ப சார் வெடிக்குது?"

வெடிக்காது. ஒரு ஃபைல் சேவ் ஆகாது, அவ்வளவுதான். வெடி வேண்டுவோர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே ராசிபலன் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில் மஹ்ரீன்—"

அடித்துவிட்டேன். மழை கொட்டுகிற ஊரில் எவன் பட்டாசு காயப்போடுவான்?

இரண்டாவது: "நவீன வாழ்வின் வெறுமையை ஓர் எக்ஸெல் கட்டத்துக்குள்—"

தூ.

சரி, நேராகவே சொல்கிறேன். 2005, ஆடி மாத வெயில். ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மஹ்ரீன் காலையிலிருந்து தீபாவளி விலைப்பட்டியலில் புது விலைகளை அடித்துக்கொண்டிருந்தாள். திறக்கும்போதே ஏதோ எச்சரிக்கை வந்தது. எல்லோரையும் போல அவளும் படிக்காமல் 'ஓகே' அமுக்கியிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் சேவ் கொடுத்தாள். முடியாது என்றது. ஃபைல் சர்வரில் இருக்கிறது, வேறொருவர் திறந்து பூட்டி வைத்திருக்கிறார், நீ படிக்க மட்டும் செய்யலாம் என்றது. பூட்டியவர் பெயரையும் காட்டியது: சுந்தரபாண்டி.

சுந்தரபாண்டி இந்த ஆபீஸில் இல்லை. இங்கே கம்ப்யூட்டர்களை நிறுவியவரே அவர்தான். ஆனால் பங்குனியில், நாக்பூர் வியாபாரிகள் முன்னால் முதலாளி வெள்ளைத்துரை "ஏலே, போயி டீ வாங்கிட்டு வாலே" என்று சொல்ல, டீ வாங்கப் போனவர் திரும்பவே இல்லை. இப்போது சாத்தூரில் போட்டிக் கம்பெனியில் இருக்கிறார்.

(வேறு பெயரில் சேவ் செய்தால் தீர்ந்ததே என்று முணுமுணுக்கும் வாசகருக்கு: போன வருஷம் அப்படித்தான் செய்தார்கள். ஒரே புஸ்வாணத்துக்கு இரண்டு விலைப்பட்டியல் ஊர் ஊராய்ப் போனது. அன்றிலிருந்து ஒரே ஃபைல், ஒரே பெயர், ஒரே இடம். முதலாளி உத்தரவு.)

3

மாரிக்கண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். வந்ததும் மஹ்ரீனின் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். காலையிலிருந்து அடித்த விலையெல்லாம் போயே போச்சு. கேபிளைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடி செருகினார். பூட்டு அப்படியே இருந்தது.

"சர்வரை ஒருக்கா நிப்பாட்டிப் பாத்துருவமா அண்ணாச்சி?"

"லாரில லோடு ஏறிக்கிட்டிருக்கு, அதுலதான் பில்லு ஓடுது. தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றார் வெள்ளைத்துரை.

கை முக்கியம். ஆனால், 'தெரியலை' என்று சொல்லிவிட்டால் தொழில் என்னாவது? மாரிக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியேருந்து யாரோ உள்ள புகுந்துட்டாக அண்ணாச்சி. அதான் பேரே காட்டுதே."

வெள்ளைத்துரை மஹ்ரீன் பக்கம் திரும்பினார். ஆபீஸில் இருந்த எல்லோரும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் போனபெறகு மாத்துன பாஸ்வேர்டு எனக்கும் உனக்கும்தான் தெரியும். நான் யாருக்கும் குடுக்கல."

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். மஹ்ரீனுக்கும் சுந்தரபாண்டிக்கும் ஒரு காதல் இருந்தால் கதைக்கு எவ்வளவு வசதி! மஹ்ரீனைச் சந்தித்தபோது இழுத்து இழுத்துக் கேட்டும் பார்த்தேன். "தாராளமா எழுதுங்க சார். அந்த ஆளு வாயில எந்நேரமும் பாக்கு அதக்கிக்கிட்டுத்தான் இருப்பாரு, அதையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

காதல் ரத்து.

ஆபீஸுக்குத் திரும்புவோம். மஹ்ரீனுக்கு வேலை போவது பெரிதில்லை. 'ரேட்டை வித்துட்டா' என்கிற பேச்சு அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதன்பின் இந்த ஊரில் எந்தக் கம்பெனி அவளை உள்ளே விடும்? மாரிக்கண்ணனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

மஹ்ரீன் முதலாளியின் மேஜைக்குப் போனாள். "சுந்தரபாண்டி அண்ணன்ட்டயே கேட்டுருவம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, எண்களை அமுக்கினாள்.

"அவனுக்கேவா? நம்பர் வேற மனப்பாடமா?"

"உங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில இன்னும் இருக்கு அண்ணாச்சி."

(குற்றம் சாட்டப்பட்டவள் கூட்டாளிக்கே போன் செய்வது கதை அமைப்புக்குச் சரிவராது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவரை யாரும் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை போல.)

"அண்ணே, மஹ்ரீன் பேசுதேன். நம்ம ரேட்டு ஃபைலை நீங்க திறந்து வச்சிருக்கீகளா?"

"நான் எங்கன திறக்க? இங்கன சாத்தூர் ரேட்டுக்கே மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன்."

"பூட்டுனது நீங்கதான்னு பேரு காட்டுதே."

அந்தப் பக்கம் சிரிப்பு. பாக்கைத் துப்பும் சத்தம். "எக்ஸெல்லு போடுறப்ப பேரு கேக்கும்லா? என் பேரத்தான் அடிச்சேன். நான் இருந்த கம்ப்யூட்டரு இப்ப யாருட்ட இருக்கு?"

எல்லோர் பார்வையும் முதலாளியின் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனது. திரையில் சீட்டாட்டம். மஹ்ரீன் அதைச் சுருக்கினாள். பின்னால், முந்தின நாள் யாரோ திறந்து மறந்துபோன விலைப்பட்டியல்.

"ஹலோ? அதுல திறந்து போட்டுருப்பாக. மூடுனா சரியாயிரும். எந்தக் கிறுக்குப்பய பாத்த வேலை அது?"

"நாந்தாம்லே" என்றார் வெள்ளைத்துரை.

போனில் நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம்.

"அண்ணாச்சி... நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன்." வைத்துவிட்டார்.

மஹ்ரீன் ஃபைலை மூடினாள். பூட்டு போய்விட்டது. மாரிக்கண்ணன் "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆரம்பித்து, ஒருவரும் திரும்பாததால் நிறுத்திக்கொண்டார்.

"சரி, சரியாயிருச்சுல்ல. போயி ரேட்டை அடிம்மா" என்றார் வெள்ளைத்துரை.

அவள் தன் நாற்காலி வரை போனாள். உட்காரவில்லை.

"எல்லாரும் இருக்கையிலதான கேட்டீக அண்ணாச்சி. எல்லாரும் இருக்கையிலயே ஒரு வார்த்தை சொல்லிருங்க. பெறகு அடிக்கேன்."

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார்.

5

முடிவு அ: "மன்னிச்சிரும்மா." எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்தேன். சீசன் நேரத்தில் முதலாளி இப்படிப் பேசினால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவார்கள்.

முடிவு ஆ: "வேலைய விட்டு நின்னுக்கோ." பிறகு அந்த விலைகளை யார் அடிப்பது? மாரிக்கண்ணனா?

முடிவு இ: அவளே பையை எடுத்துக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில்— எனக்கு இதுதான் ஆசை. கைதட்டு விழும். ஆனால் எதற்காக அவள் போக வேண்டும்? தப்பு செய்தது அவளில்லையே.

கடைசியில் மஹ்ரீனிடமே கேட்டேன்.

"சொன்னாரு" என்றாள்.

"என்னன்னு?"

"அது எனக்குச் சொன்னது சார். கதைக்கு வேணும்னா நீங்களா ஒண்ணு போட்டுக்கிடுங்க."

என்னால் ஆகவில்லை. வெள்ளைத்துரை வாயைத் திறந்தபடி நிற்கிறார். வார்த்தையை நீங்கள் போடுங்கள். எதைப் போட்டாலும் அதைக் கேட்டு அவள் உட்கார வேண்டும். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.