சாகாத மனைவிக்கு வந்த ஆறுதல்

பெரிய எழுத்தாளர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்க்கும் பித்து லயனலுக்கு. அவர் ஊரான ஹோபார்ட்டில் அப்படிச் சேர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றாலும் போட்டிக்குக் குறைச்சலில்லை. கையெழுத்து வேண்டும் என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஓர் அட்டையில் பெயரைக் கிறுக்கி அனுப்பிவிடுவார்கள். துக்கத்தைச் சொன்னால்தான் பக்கம் பக்கமாக வரும். இந்தச் சூட்சுமம் தெரிந்த மனுஷர், மனைவி ஹேசல் இறந்துவிட்டதாக சிட்னியிலிருந்த நாவலாசிரியை ஊனா ட்ரெஸ்காட்டுக்கு எழுதிப் போட்டார். ஹேசல் அப்போது அடுத்த அறையில் அவர் சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு பக்கம் பதில் வந்தது. கணவனை இழந்த அந்தம்மா, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். அவர் கையெழுத்திட்ட கடைசிப் பக்கத்தை மட்டும் லயனல் சேகரிப்பாளர் கூட்டத்துக்கு எடுத்துப்போய், பரம எதிரி பெர்சியின் வயிறு எரிவதைப் பார்த்து ரசித்தார். பிறகு கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. ஹேசல்தான் திறந்தாள். கைத்தடியோடு ஒரு வயதான அம்மா, கையில் ஆப்ரிகாட் ஜாம் புட்டி.

"லயனல் வீடு இதுதானே? நான் ஊனா ட்ரெஸ்காட். புத்தக விழாவுக்கு வந்தேன். ஹேசல் போனதிலேர்ந்து சரியா சாப்பிடறதில்லன்னு எழுதியிருந்தார், பாவம்."

லயனல் பின்னால் வந்து நின்றிருந்தார். ஹேசல் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஜாம் புட்டியைப் பிடித்திருந்த அந்த நடுங்கும் கையைப் பார்த்தாள்.

"உள்ள வாங்கம்மா. நான் அவரோட தங்கச்சி."

டீ வந்தது. அந்தம்மா லயனலின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எழுதியதை அவருக்கே சொல்லிக் காட்டினார். காலையில் ஹேசல் அடுப்படியில் முணுமுணுக்கும் பாட்டு கேட்காமல் வீடு வீடாகவே இல்லை என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கெல்லாம் அழுதாராம். பொய்யை நம்பவைக்க எதை எழுதலாம் என்று தேடியபோது அகப்பட்ட ஒரே உண்மை அது. லயனலுக்கு இப்படியே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

அந்தம்மா ஹேசலிடம் கேட்டார். "அவ இருந்தப்போ இதை அவகிட்ட சொல்லியிருப்பாரா?"

"ஒரு நாளும் இல்லம்மா," என்றாள் ஹேசல். "அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

டாக்ஸி வந்தது. அந்தம்மா போகும்போது லயனலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடியே விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

கதவைச் சாத்திவிட்டு அவர் மெல்ல "ஹேசல்" என்று கூப்பிட்டார். அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க டீ ஆறிப்போச்சு, அண்ணா."

மறுநாள் காலை விழிப்பு வந்ததும் லயனல் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அடுப்படியில் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.